கேள்வி கேட்கப்படாத பயணி

முன்னொரு காலத்தில், மிளகு விற்கவும் குதிரை வாங்கவும் பெண் கொடுக்கவும் ஒரு மலையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்த நாடு ஒன்று இருந்தது. மலைக்கு நடுவே கணவாய். கணவாயில் ஒரு சாவடி. மலைக்கு அப்பால் வேறு அரசு, வேறு கொடி. ஆனாலும் சாவடியில் இருந்த இருளப்பர் என்ற காவலர், வருகிறவர்களிடம் அந்தப் பக்கம் மழை எப்படி, புதுப் புளி வந்துவிட்டதா என்றுதான் விசாரிப்பார். விசாரித்ததை ஓலையில் இரண்டு வரி எழுதி வைப்பார். அவ்வளவுதான் சோதனை.

இருளப்பர் காலமாகிப் பல வருஷம் கழித்து, அரசர் ஒருநாள் கெட்ட கனவு கண்டார். வளையல் வியாபாரி வேஷத்தில் வந்த ஒற்றன் யானைக் கொட்டிலில் நின்று அரண்மனை யானைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். விழித்ததும் எல்லைத் தலைவர் வல்லபராயரைக் கூப்பிட்டார்.

“இனி எவர் வந்தாலும் கேள்வி கேளுங்கள். எதைக் கொண்டுவந்தாலும் பிரித்துப் பாருங்கள். நுழைந்தவர் தொகையும் திரும்பியவர் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும்” என்றார்.

வல்லபராயருக்கு அல்வா சாப்பிட்டதுபோல் இருந்தது. ஆறு கேள்விகளை எழுதிக் கொடுத்தார். பெயர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், எதற்கு, உன்னை இங்கே யாருக்குத் தெரியும், எப்போது திரும்புவாய். ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கம்பியை விட்டுக் கிளறினார்கள். தலையணையைக் கிழித்தார்கள். தயிர்ப் பானையை வடிகட்டினார்கள். கல்யாணத்துக்குக் கொண்டுபோன மல்லிகைப் பந்தை முழம் முழமாக அவிழ்த்தார்கள். அது மறுபடி பந்தாகவில்லை. வெயிலில் வரிசை மலையடிவாரம்வரை நின்றது. பதில் சொல்லிப் பழகியவர்கள் சீக்கிரம் போனார்கள். பயந்தவர்கள் உளறி, நாள் முழுக்க நின்றார்கள்.

அரசவை விகடகவி சாத்தையனுக்கு இந்தச் செய்தியெல்லாம் மிளகு வியாபாரிகள் வாய்வழியாக வந்துகொண்டிருந்தது. அதில் கடைசியாக வந்த செய்தி அவர் வீட்டைப் பற்றியது. மலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் பூவாயிக்கு ஏழு மாதம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாவடியில் அவளைத் திருப்பிவிட்டார்கள். மூன்று நாளாக அப்பக்கத்துச் சத்திரத்தில் கிடக்கிறாள்.

சாத்தையன் கணவாய்க்கு ஓடினார். சாவடியில் காளிங்கன் என்ற காவலன் ஏட்டோடு உட்கார்ந்திருந்தான்.

“என் பொண்ணு என்னப்பா தப்புப் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல சாமி. ஆறு கேள்விக்கும் தங்கமாப் பதில் சொல்லுச்சு. ஆனா உள்ள வர்றது ஒரு ஆளு. பிள்ளை பெத்துக்கிட்டுத் திரும்புறப்போ ரெண்டு ஆளு. உள்ளயே வராத ஆளை நான் எப்படி வெளிய விடுறது? ஏடு ஒத்துப்போகாதே.”

“இப்பவே ரெண்டுன்னு எழுதிக்கயேன்.”

“நானும் அதைத்தான் தலைவர்கிட்ட கேட்டேன். ரெட்டைப் பிள்ளையா இருந்தா என்னடா பண்ணுவேன்னு என்னையே திட்டுறாரு.”

பாறைச் சரிவுக்கு அந்தப் பக்கம் சத்திரத்து வாசலில் ஒரு பச்சைப் புடவை தெரிந்தது. சாத்தையன் கையை ஆட்டினார். பதிலுக்கு ஒரு கை மெதுவாக ஆடியது. வளையல் சத்தம் இவ்வளவு தூரம் கேட்காது; கேட்டதுபோல் இருந்தது. தன் மனைவி இதே வழியாகப் பூவாயியை வயிற்றில் சுமந்துகொண்டு வந்த நாளை நினைத்துக்கொண்டார். இருளப்பர் அன்று தன் தலைப்பாகையை அவிழ்த்துப் பாறையில் விரித்து, “ஒக்காரும்மா, மூச்சு வாங்குது பாரு” என்றார்.

நகரத்துக்குத் திரும்பி அவைக்குப் போனபோது வல்லபராயர் முந்திக்கொண்டிருந்தார். அவர் அரசரிடம் பணிவாகச் சொன்னார்: “அரசே, சிலர் தம் வீட்டாருக்கு மட்டும் விலக்குக் கேட்டு வரக்கூடும். ஒருவருக்கு வளைந்தால் ஆணை எல்லோருக்கும் வளையும்.”

“விலக்குக் கேட்பவன் குடும்பத்தோடு கணவாய்க்கு அப்பால் போகட்டும்” என்றார் அரசர்.

வல்லபராயர் திரும்பிச் சாத்தையனைப் பார்த்தார். “விகடகவி ஏதோ சொல்ல வந்தாற்போல் இருக்கிறதே.”

வரும் வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வேண்டுகோளைச் சாத்தையன் விழுங்கிக்கொண்டார்.

“விலக்குக் கேட்க வரவில்லை, அரசே. ஆணை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை என்று முறையிட வந்தேன். அப்பக்கத்திலிருந்து இந்நாட்டுக்குள் வந்து, ஒரு கேள்விகூடக் கேட்கப்படாதவர் ஒருவர் இந்நகரில் இருக்கிறார்.”

வல்லபராயரின் முகம் சிவந்தது. “என் சாவடியில் அப்படி நடக்காது.”

“தங்கள் காலத்துக்கு முன் வந்தவர்.”

“எந்தக் காலத்தில் வந்தால் என்ன?” என்றார் அரசர். “நாளைக் காலை அவன் என் முன் நிற்க வேண்டும். வல்லபராயரே, கேள்விகளைத் தாங்களே கேளுங்கள்.”

“யாராயினும் விடமாட்டேன், அரசே. ஆறுக்கும் பதில் இல்லையென்றால் கணவாய்க்கு அப்பால்.”

சாத்தையன் நேராகச் சுவடி அறைக்குப் போனார். இருளப்பரின் ஏடுகளைக் கட்டுக் கட்டாக இறக்கி, பொழுது சாயும்வரை தும்மிக்கொண்டே புரட்டினார்.

மறுநாள் காலை அவர் தனியாக வந்தார். கையில் ஓர் ஓலை மட்டும் இருந்தது.

“ஆள் எங்கே?” என்றார் வல்லபராயர்.

“எனக்கு முன்பே வந்துவிட்டார். முதலில் சாவடி ஏட்டைப் படித்துவிடுகிறேன்.” சாத்தையன் ஓலையை வெளிச்சத்தில் பிடித்தார். “ஆவணி மாதம். மகாராணியார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார். போனவர் ஒருவர். பல்லக்கை நிறுத்தி இளநீர் கொடுத்தேன்.”

“தை மாதம். மகாராணியார் திரும்பினார். வந்தவர் இருவர். அப்பக்கம் நல்ல மழையாம். சின்னவர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவரை ஒன்றும் கேட்கவில்லை.”

சாத்தையன் ஓலையை அரசரின் காலடியில் வைத்தார். “போனவர் ஒருவர், வந்தவர் இருவர். இந்தக் கணக்கு இத்தனை வருஷமாக ஒத்துப்போகாமல் கிடக்கிறது, அரசே. வல்லபராயர் கேட்கட்டும்.”

வல்லபராயர் கேள்விகள் எழுதிய ஓலையை மெல்ல மடியில் செருகிக்கொண்டார்.

அரசர் குனிந்து ஓலையை எடுத்தார். அந்தக் கோணல் எழுத்தை விரலால் தடவினார். அவருடைய தாயார் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

“வருஷா வருஷம் மாமன் வீட்டுக்குப் போவோம்” என்றார் மெல்ல. “கணவாயில் பல்லக்கு நிற்கும். அம்மா திரையை விலக்குவார். இருளப்பர் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாட்டையும் காட்டுவார். இதில் எது நம்முடையது என்று கேட்பேன். நீங்க எதைப் பார்த்தாலும் ஒங்க வீடுதான் தம்பி, அது அம்மா பொறந்த வீடு, இது அப்பா வீடு என்பார்.”

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். “வல்லபராயரே, தாங்கள் கேட்காவிட்டாலும் நான் பதில் சொல்லிவிடுகிறேன். பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தேன், எங்கே போனேன், அதுவும் தெரியாது. எதற்கு என்றால், பால் குடிக்க. இங்கே என்னை யாருக்கும் தெரியாது. எப்போது திரும்புவேன் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கே மூட்டை கட்டட்டுமா?”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிம்மாசனத்தின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவையும் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அரசர் சொன்னார்: “ஆறு கேள்விகளும் தலைக்கணக்கும் இன்றோடு நின்றன. சாத்தையரே, உமக்கு என்ன வேண்டும்?”

“ஒரு நாள் விடுப்பு, அரசே. கணவாய்ச் சத்திரத்தில் என் மகள் வயிற்றுப்பிள்ளையோடு காத்திருக்கிறாள்.”

“என் தாயாரின் பல்லக்கு போகட்டும். அதில் என்னைச் சுமந்துவந்த தொட்டிலும் உம் வீட்டுக்கு வரட்டும். புதிய ஆணையை வல்லபராயரே முன்னால் போய்ச் சாவடியில் சொல்லட்டும்.”

வல்லபராயர் குதிரையேறி விரைந்தார். சாவடியில் காளிங்கன் எழுந்து கும்பிட்டான். ஆணை நின்றுவிட்டது என்று அவர் வாயால் சொன்னதை மட்டும் அவன் நம்பவில்லை. வாய்ச்சொல்லை நம்பாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். பல்லக்கோடு சாத்தையன் போய்ச் சேர்ந்தபோது எல்லைத் தலைவர் வெயிலில், வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய தலைப்பாகையை இரண்டு பேர் முழம் முழமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எதுக்கு வந்தீங்கன்னு இன்னும் சரியாச் சொல்லலையே, தலைவரே” என்று காளிங்கன் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாத்தையன் அரசர் கொடுத்தனுப்பிய முத்திரையைக் காட்டினார். காளிங்கன் ஏட்டை மூடிவைத்தான். பல்லக்கு அப்பக்கம் போய்ப் பூவாயியை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது, இனி என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சற்றுத் தயங்கி, பல்லக்குப் பக்கத்தில் வந்து, “வழியில ஏதாச்சும் சாப்பிட்டியாம்மா?” என்றான்.

தலைப்பாகைக் கதையைக் கேட்டு அரசர் அன்று மாலை இரண்டாம் முறையாகச் சிரித்தார் என்றும், அந்தச் சிரிப்புக்காகவே சாத்தையனுக்கு ஒரு பால்மாடும் கன்றும் அனுப்பினார் என்றும் சொல்வார்கள்.