சடையாண்டி செய்த தானாகச் சுற்றும் சக்கரம்

மலையடிவாரத்தில், கோடையில் வறண்டு கிடக்கும் ஒரு ஓடையின் கரையில், ஒரு முள்ளம்பன்றிக் குடும்பம் வளை தோண்டிக் குடியிருந்தது. புருஷன் பெயர் சடையாண்டி. பெண்டாட்டி பெயர் குருவம்மா. குட்டிகள் இரண்டு.

போன வருஷம் மூன்று குட்டிகள் இருந்தன. ஐப்பசி மழையில் ஓடை பெருகி, தண்ணீர் வளைக்குள் வந்தது. மூன்றாவது குட்டியை அது கொண்டுபோய்விட்டது. அடுத்த மழைக்குள் மேட்டில் புது வளை தோண்டிவிடலாம் என்று அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னவன் சடையாண்டிதான். மனசாரத்தான் சொன்னான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் மேட்டு மண் இறுகிய செம்மண். நாலு தடவை பறித்தால் நகம் தேய்ந்து போகும். சடையாண்டி இரண்டு நாள் தோண்டினான். மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தான். வினை அங்கேதான் பிடித்தது.

கனமான பொருள் தானாகவே கீழே விழுகிறது, யாரும் தள்ளுவதில்லை. அப்படியானால் ஒரு சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் கனமாக இருக்கும்படி செய்துவிட்டால்? அந்தப் பக்கம் விழுந்துகொண்டே இருக்கும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். விளிம்பில் கூரான கல்லைக் கட்டிவிட்டால் வளையை அதுவே தோண்டிவிடும். நாம் குட்டிகளோடு நிழலில் படுத்துக் கிடக்கலாம். இதுதான் அவன் யோசனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கே ஒரு நிமிஷம் ஆசை வந்தது.

மூங்கிலை வளைத்துச் சக்கரம் செய்தான். வளைக்கு முன்னால், ஓடை மணலில் அதை நிறுத்தினான். சுற்றிலும் பன்னிரண்டு கைகள். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு விளாங்காய். கீழே இறங்கும் பக்கத்தில் கை வெளியே நீளும், மேலே ஏறும் பக்கத்தில் உள்ளே மடங்கும். நீண்ட கைக்குத்தானே இழுவை அதிகம்?

முதல் தடவை ஒரு தட்டுத் தட்டிவிட்டான். சக்கரம் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, கொஞ்சம் பின்னுக்கு ஆடி, நின்றுவிட்டது. "கிட்டத்தட்ட வந்துருச்சு" என்றான் சடையாண்டி. அப்போது வைகாசி. ஆவணி வரைக்கும் தினமும் அதையேதான் சொன்னான்.

அவனுக்குக் கூட்டாளிகளும் சேர்ந்தார்கள். அச்சில் இலுப்பை எண்ணெய் விட்டால் ஓடிவிடும் என்றது முயல். விளாங்காயை எடுத்துவிட்டுப் பனங்காய் கட்டச் சொன்னது மரநாய். கை பன்னிரண்டு போதாது, பதினாறு வேண்டும் என்றது உடும்பு. இந்த மூன்றின் வீட்டுக்குப் பின்னாலும் ஆளுக்கொரு சுற்றாத சக்கரம் கிடந்தது. அதைப் பற்றி யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அவர்களுக்குள் மரியாதை.

சும்மா படுத்திருப்பதற்காக அந்த மனுஷன் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. அதில் பாதி உழைப்பில் மேட்டில் இரண்டு வளை தோண்டியிருக்கலாம். இதை அவனிடம் யார் சொல்வது?

குருவம்மா சொல்லிப் பார்த்தாள். நாலு வயிற்றுக்கும் கிழங்கு தேடுகிறவள் அவள் ஒருத்திதான். ஒரு நாள் கிழங்கோடு வந்து நின்றவள், சக்கரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணினாள்.

"ஏங்க, நீண்ட கை நாலுதான் இருக்கு. மடங்கின கை எட்டு இருக்கு. நாலு பேரு எட்ட நின்னு இழுக்கிறதும், எட்டு பேரு கிட்ட நின்னு இழுக்கிறதும் ஒண்ணாத்தானே போகும்?"

சடையாண்டி அவளைப் பாவமாகப் பார்த்தான். இதெல்லாம் கணக்கு, உனக்குப் புரியாது என்று அன்பாகவே சொன்னான். பிறகு எண்ணெய் தேடப் போனான்.

புரட்டாசி பாதி கழிந்தது. மேற்கு மலையில் மேகம் கூடக் கூட குருவம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. குட்டிகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்தச் சக்கரம் ஒரு காலை நேரம் சுற்றிவிட்டால் போதும். இவர் ஆசை தீர்ந்துவிடும். வேலை முடிந்தது என்று எழுந்து வந்து, நம்மோடு மேட்டில் நகத்தை வைப்பார்.

வளையின் வாசல் சக்கரத்துக்கு நேர் பின்னால் இருந்தது. மறுநாள் காலை குருவம்மா வாசலுக்குள் மறைந்து நின்றாள். சடையாண்டி வழக்கம்போல ஒரு தட்டுத் தட்டினான். அவள் பின்னாலிருந்து விளிம்பைப் பிடித்து மெல்லத் தள்ளினாள்.

சக்கரம் சுற்றியது. ஒன்றரைச் சுற்றில் நிற்கவில்லை. பத்து, இருபது, ஐம்பது என்று போய்க்கொண்டே இருந்தது.

சடையாண்டி மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டான். அவன் அழுததைக் குருவம்மா பார்த்தாள். அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. இதோ எழுந்துவிடுவார், இதோ மேட்டுக்குப் போகலாம் என்பார் என்று தள்ளிக்கொண்டே காத்திருந்தாள்.

அவன் எழுந்தான். மேட்டுக்குப் போகவில்லை, ஊரைக் கூட்டப் போனான்.

முயல் வந்தது, மரநாய் வந்தது, உடும்பு வந்தது. மான் கூட்டம் வந்தது. எண்ணெய் விடச் சொன்னதே நான்தான் என்று முயல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. இத்தனை பேர் முன்னால் புருஷன் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கக் குருவம்மாவால் முடியவில்லை. அதனால் தள்ளினாள். அன்று பொழுது சாய்ந்து, ராத்திரிக்குச் சக்கரத்தைச் சடையாண்டியே நிறுத்திக் கட்டும்வரை தள்ளினாள். குட்டிகள் பசியோடு அவள் காலடியிலேயே சுருண்டு கிடந்தன.

இரண்டாம் நாள் சடையாண்டி விளிம்பில் கூரான கற்களைக் கட்டி, சக்கரத்தை வாசலோரத்துக் கரை மண்ணோடு உரசும்படி நகர்த்தினான். இப்போது தள்ளுவதற்கு இரண்டு மடங்கு பலம் வேண்டியிருந்தது. அவள் உள்ளங்கை உரிந்தது. சாயங்காலத்துக்குள் சக்கரம் ஒரு சாண் ஆழம் தோண்டியிருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த ஒரு நாளில், அதே கையால், அவள் மேட்டில் பாதி வளை தோண்டி முடித்திருப்பாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மேற்கே இடி இடித்தது.

குருவம்மா கையை எடுத்தாள். சக்கரம் அரைச் சுற்றுப் போய், பின்னுக்கு ஆடி, நின்றது. அவள் இரண்டு குட்டிகளையும் முன்னால் விட்டு, வளையை விட்டு வெளியே வந்தாள். புருஷனுக்கு எதிரே நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"தள்ளினது நான்தாங்க. மூணு நாளா நான்தான் தள்ளினேன். என்னால இனி ஆகாது. மழை வருது. வாங்க, போய் மேட்டுல தோண்டலாம்."

சடையாண்டி அவள் கையைப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்த மான்களுக்கே அது என்னவோ போலிருந்தது.

"அப்படின்னா குறை ரொம்பக் கொஞ்சம்தான் புள்ள. உன் ஒருத்தி கை பலம் எவ்வளவு? அவ்வளவுதான் குறையுது. கிட்டத்தட்ட வந்துருச்சு!"

முயலும் மரநாயும் உடும்பும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின.

கோபம்கூட வரவில்லை குருவம்மாவுக்கு. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. குட்டிகளை அழைத்துக்கொண்டு மேடேறினாள். உரிந்த கையோடு செம்மண்ணைப் பறித்தாள். அன்று மிச்சப் பொழுதெல்லாம் பறித்தாள், மறுநாளும் பறித்தாள். ரத்தம் வந்தபோது மண்ணை அள்ளி அப்பிக்கொண்டாள். கீழே சடையாண்டி அச்சுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மழை கொட்டியது. மலையிலிருந்து செந்தண்ணீர் இறங்கி ஓடையை நிறைத்தது. பழைய வளைக்குள் புகுந்தது. சக்கரத்தின் அடியைத் தொட்டது. சக்கரம் அசைந்தது, சுற்றியது, முன்னெப்போதும் சுற்றாத வேகத்தில் சுற்றியது.

"குருவம்மா! சுத்துது, பாரு! யாருமே தள்ளல!" என்று கரையில் நின்று சடையாண்டி கத்தினான். முழங்கால்வரை தண்ணீர் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. சக்கரம் நாலு சுற்றுச் சுற்றியது. ஐந்தாவது சுற்றில் அச்சு முறிந்தது. மூங்கிலும் விளாங்காயும் ஆளுக்கொரு பக்கமாகத் தண்ணீரோடு போயின.

தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகுதான் அவனுக்குச் சுரணை வந்தது. திரும்பிப் பார்த்தான். வளை இருந்த இடத்தில் வளை இல்லை, வெறும் சுழல்தான் இருந்தது. போன வருஷமும் இதே சுழலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். குட்டிகள் எங்கே என்று அப்போதுதான் அவனுக்கு நெஞ்சு பதறியது. விழுந்து எழுந்து மேட்டுக்கு ஓடினான்.

மேட்டில் புது வளை இருந்தது. வாசலில் குனிந்து பார்த்தான். உள்ளே குருவம்மா சுவரோடு சாய்ந்திருந்தாள். இரண்டு குட்டிகளும் அவள் மடியில் நனையாத உடம்போடு தூங்கிக்கொண்டிருந்தன. அவன் வாயைத் திறந்தான். நாலு சுற்றுச் சுற்றியதைச் சொல்லத்தான் வந்தது. சொல்லவில்லை.

உள்ளே வரக் காலை வைத்தான். இடம் போதவில்லை. தலையும் தோளும் நுழைந்தன, முதுகு வெளியே மழையில் நின்றது.

"மூணு பேருக்குத்தாங்க இடம்" என்றாள் குருவம்மா, கண்ணைத் திறக்காமலே. "ஒருத்தி தோண்டினது. நீங்களும் படுக்கணும்னா நீங்கதான் தோண்டணும்."

சடையாண்டி தலையை வெளியே இழுத்துக்கொண்டான். பிறகு வாசலோரத்து மண்ணில் நகத்தை வைத்து, குட்டிகள் விழித்துவிடாதபடி மெல்லப் பறிக்க ஆரம்பித்தான்.

நீதி: உலகத்தில் எதுவும் தானாகச் சுற்றுவதில்லை, உங்கள் வீட்டில் ஏதாவது தானாக நடப்பதுபோல் தெரிந்தால், பின்பக்கம் போய் யார் கை உரிந்திருக்கிறது என்று பாருங்கள்.