புற்றடுப்பில் வெந்த தேன் ரொட்டி

மூங்கில் காட்டில் ஒரு கரடி ரொட்டி சுட்டு வந்தது. கறையான்கள் விட்டுப்போன பெரிய புற்றுதான் அதற்கு அடுப்பு. அது சூடேற அரை நாள் ஆகும். ஆறவும் அரை நாள்.

பௌர்ணமியன்று மயில் வீட்டுக் கல்யாணம். தேன் ரொட்டி கரடியின் பொறுப்பு.

"ருசி இல்லையென்றால் இனி எல்லா விருந்துக்கும் நரியைத்தான் கூப்பிடுவோம்!" என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கம்பு மாவா, ராகி மாவா? தேன் கூடவா, குறைவா? தீ பெரிதா, சிறிதா? கரடிக்குக் குழப்பம். பெருந்தீயில் ஒரு கம்பு ரொட்டி சுட்டது. அடுப்பை ஆறவிட்டு, சிறுதீயில் ஒரு ராகி ரொட்டி. மறுபடி பெருந்தீ! மழைக்காலத்தில் காய்ந்த விறகு ஏது? இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தது. கிடைத்ததோ மூன்றே ரொட்டி.

பக்கத்துப் பொந்திலிருந்து முள்ளம்பன்றி எட்டிப் பார்த்தது.

"என்னக்கா, அடுப்புக்குக் காவலா?"

"கிண்டலா செய்கிறாய்? ஒவ்வொரு ரொட்டிக்கும் தீயை மாற்ற வேண்டாமாடி?"

"மாவை மாற்றுவது சுலபம். தீயை மாற்றுவதுதானே பெரும்பாடு? ஒரு தீ எரியும்போதே எல்லா மாவையும் உள்ளே தள்ளுங்களேன்!"

கரடி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. கம்பிலும் ராகியிலும் தேன் கூட்டியும் குறைத்தும் நான்கு வித மாவு பிசைந்து, பெருந்தீயில் ஒன்றாகச் சுட்டது. நான்கும் கருகின!

"பெருந்தீ ஆகவே ஆகாது!" என்றது கரடி.

"அவசரப்படாதீர்கள் அக்கா! இன்று பேய்க்காற்று அடித்ததே, அதில் தீ எகிறியிருக்கலாம்! ரொட்டி நான்கு என்றாலும் மூட்டிய தீ ஒன்றுதானே? ஒவ்வொரு தீயையும் இரண்டு முறை மூட்டிப் பார்ப்போம்."

"விறகு போய்விடுமே!"

"ஒவ்வொரு ரொட்டிக்கும் தனித் தீ மூட்டாவிட்டால் போதும், மிச்சமே இருக்கும்!"

அடுத்துச் சிறுதீயில் நான்கும் சுட்டார்கள். உள்ளே எல்லாம் பச்சை மாவு. காற்று அடங்கிய நாளில் மீண்டும் பெருந்தீ மூட்டினார்கள். அடடா! தேன் கூடிய ராகி ரொட்டி பொன்னிறமாக உப்பியது. கடைசியாகச் சிறுதீயையும் இன்னொரு முறை பார்த்தார்கள். அதே பச்சை மாவுதான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை மயில் தோகை விரிக்கவே மறந்து ரொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"அடுத்த கல்யாணத்துக்கும் நீங்கள்தான்!" என்றார்கள் சம்பந்திகள். கரடியும் முள்ளம்பன்றியும் கைகோத்து ஆடின. முள் குத்தியதைக்கூடக் கரடி பொருட்படுத்தவில்லை!

மாற்றச் சிரமமானதை அடிக்கடி மாற்றாமல், அது மாறாமல் இருக்கும்போதே சுலபமானவற்றையெல்லாம் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரே ஒரு முறை பார்த்ததை நம்பி முடிவு கட்டிவிடக் கூடாது.