கொல்லையில எறிஞ்ச கிழங்குத் தலை

ஒரு ஊர்ல வெள்ளச்சின்னு ஒருத்தி இருந்தா. காலை ஆட்டாம கேளு. "ம்" சொல்லு.

அவ புருஷன் ஒரு பஞ்சத்துல, நல்ல கிழங்குன்னு நெனச்சு கண்வலிக்கிழங்கைத் தின்னுட்டு செத்துப் போனான். அப்போ அவ வயித்துல புள்ள. அப்புறம் பொறந்துச்சு, பொண்ணு. ஆனா வெள்ளச்சிக்குப் பாலு ஒரு சொட்டு இல்ல. ஆட்டுப்பால் ஊத்தினா களக்குன்னு கக்கிரும். ஞீ ஞீன்னு அழும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு தின்னா தாய்ப்பால் ஊறும்னு ஊர்ல சொன்னாங்க. ஆனா கோடை. கொடியெல்லாம் கருகிக் கெடக்கு. இலை இருந்தாத்தானே அடையாளம்? லொட்டு லொட்டுன்னு தோண்டி ஒரு கொத்து எடுத்தா. வாய்கிட்ட கொண்டு போனவ, தின்னாம கீழ வச்சுட்டா. "இதுவும் அந்த விஷமா இருந்தா? நானும் போயிட்டா புள்ளைக்கு யாரு?"

அப்புறம் புள்ளையைத் தூளியில போட்டுட்டு, அரண்மனைக்குக் கிழங்கு பாத்து எடுக்குற மணியக்காரர்கிட்ட ஓடினா.

"இது நல்லதா, விஷமா சாமி?"

"கோணக் கிழங்கை நான் தொடமாட்டேன். நேரா கொண்டா."

அப்போ அவ வீட்டுக்கு வந்து, சதக்குன்னு கொத்தோட தலையை வெட்டிக் கொல்லையில எறிஞ்சா. நேரா இருந்ததை மட்டும் பொறுக்கிட்டு ஓடினா. தூங்கிட்டியா? ம் சொல்லு.

"தோலு அழுக்கு. வெள்ளையா இருக்கணும்"னாரு மணியக்காரர்.

அப்புறம் வீட்டுக்கு வந்து சரக் சரக்குன்னு உரிச்சுக்கிட்டு மறுபடி ஓடினா. கிளம்புறப்போ தூளியில அழுகை ஈனக்குரலாத்தான் கேட்டுச்சு.

"ஏம்மா, கொடி இல்ல, தலை இல்ல, தோலும் இல்ல. இது என்ன கிழங்குன்னு நான் எப்படிச் சொல்றது? போ போ."

நாசமாப் போறவன். வேற என்னன்னு சொல்ல அவனை!

வெள்ளச்சி வீட்டுக்கு வந்தா. தூளியில சத்தமே இல்ல.

இல்லடா தங்கம், அது முழிக்கல. அவ எழுப்பி எழுப்பிப் பாத்தா. முழிக்கவே இல்ல.

அப்புறம் மழை வந்துச்சு, சோன்னு. கொல்லையில எறிஞ்ச தலை முளைச்சு, முள்ளும் ஊசி ஊசியா இலையுமா வேலி பூரா ஏறிடுச்சு. அந்தப் பக்கமா வந்த மணியக்காரர் நின்னாரு.

"அட, அசல் தண்ணீர்விட்டான்! தின்னும்மா, புள்ளைக்குப் பாலு ஊறும்."

வெள்ளச்சி அவரைக் கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. வெறுந்தூளியைக் காட்டினா.

"அவகிட்ட சொல்லுங்க சாமி, நல்ல கிழங்குதான்னு."

அவ்ளோதான். தூளியும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. நீ கண்ணை மூடு.