வெட்டப்படாத கை

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! யானைக்கும் அரண்மனையில் மரியாதை இருந்த காலம் அது. கதிராயர் என்று ஒரு ராஜா. நல்லவர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். அறுவடைத் திருநாளுக்கு முன் ஒன்பது நாள் ராஜா ஒரு வேளை மட்டுமே சாப்பிடுவார். பத்தாம் நாள் சோறும் வெல்லமும் நெய்யும் பிசைந்து, பட்டத்து யானைக்குத் தம் கையாலேயே கவளம் உருட்டி ஊட்டுவார்.

ஒரு வருடம் ஊட்டி முடித்துக் கை கழுவினால், முத்திரை மோதிரத்தைக் காணோம்! தண்ணீர் ஊற்றியவன் பாகன் கூத்தன். "பிடியுங்கள் இவனை! திருடிய கையை வெட்டுங்கள்!" என்று குதித்தார் ராஜா.

ஆனால் வழக்கு என்று வந்தால் தீர்ப்புச் சொல்பவர் காரியார். அதை ராஜாவும் மீற முடியாது. மூன்று சாட்சிகள் வந்தார்கள்.

"ராஜாவின் கையருகே நின்றவன் இவன் மட்டும்தான்" என்றான் சமையற்காரன்.

"எதையோ மடியில் முடிந்தான்" என்றான் காவல்காரன்.

"சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினான்" என்றாள் பூக்காரி.

மூவரிடமும் காரியார் கேட்டது ஒரே கேள்வி. "மோதிரத்தை இவன் எடுத்ததைப் பார்த்தாயா?"

இல்லை. இல்லை. இல்லை.

"மடியில இருந்தது வெல்லக்கட்டி, சாமி. எம் பொண்ணுக்கு" என்று அழுதான் கூத்தன். "அவ அப்பவே தின்னுட்டா. இப்ப நான் எதைக் காட்டுவேன்?"

"இவன் இல்லையென்றால் வேறு யார்? சொல்லும்!" என்று கத்தினார் ராஜா.

"தெரியாது அரசே. இவன் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். வெட்டிய கை திரும்ப முளைக்காது. இவனை விடுதலை செய்கிறேன்."

மூன்று நாள் ராஜா காரியாரோடு பேசவில்லை. ஊரும் கூத்தனோடு பேசவில்லை. பாவம், அவன் யானையோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் காலை கூத்தன் யானையின் லத்தியை வாரும்போது ஏதோ மின்னியது. மோதிரம்! கழுவி எடுத்துக்கொண்டு ஓடினான். ராஜாவின் முன் இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினான்.

ராஜாவுக்கு எல்லாம் புரிந்தது. பட்டினியில் மெலிந்த விரல். நெய் வழுக்கியிருக்கிறது. கவளத்தோடு மோதிரத்தையும் ஊட்டியவர் அவரேதான்! மோதிரத்தை அவர் தொடவில்லை. கூத்தனின் வலது கையைப் பிடித்து, சபையறியக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார்.

"நல்லவேளை காரியாரே, மோதிரம் கிடைத்தது" என்றார்.

"கிடைக்காமலே போயிருந்தாலும் என் தீர்ப்பு அதுதான், அரசே" என்றார் காரியார்.

மனதில் வையுங்கள்: சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணமாகும்வரை யாரையும் தண்டிக்கக் கூடாது.