உயரமான பேஸ்

"அக்கா, இந்த பேஸ் வேண்டாம். உயரமா ஒண்ணு போட்டுக் குடுங்க."

செலஸ்தீனா மலை பஜாரில் துப்பாக்கி பழுது பார்ப்பவள். குறி பார்க்கும் ஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டைதான் பேஸ். பெள்ளிராஜ் அவளிடம்தான் குறி பார்க்கக் கற்றவன்.

தேயிலை எஸ்டேட்டில் ஆளைத் தூக்கும் புலியைச் சுட அவனுக்கு அனுமதி கிடைத்திருந்தது. புலி இரண்டு முறை எதிரே வந்தது. இரண்டு முறையும் குண்டு மரத்தில் போய் உட்கார்ந்தது. நேற்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கொண்டுபோய்விட்டது. தொழிலாளர் லயத்தில் யாரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"ஸ்கோப் அசையுதா?"

"ஸ்கோப் சரியாத்தான் இருக்கு. நான்தான் கடைசி நேரத்துல தலையைத் தூக்கிடறேன்."

"தூக்கினா குறி எங்க நிக்கும்?"

"அதான் உயரமா கேக்கறேன். துப்பாக்கிக் கட்டையில கன்னம் படாம பார்க்கணும்."

செலஸ்தீனா ரைஃபிளை வாங்கி மேசையில் கிடத்தினாள். அவள் புருஷன் இஞ்ஞாசியின் ரைஃபிள் அது. போன மழைக்காலத்தில் இதே புலிக்குக் காத்திருந்தபோது இஞ்ஞாசியைப் புலி அடித்துக் கொன்றுவிட்டது. சுடாத குண்டு உள்ளேயே இருந்தது.

"கன்னம் பட்டா என்ன?"

பெள்ளிராஜ் வாசலைப் பார்த்தான். மூடுபனி கடைப்படி வரை வந்திருந்தது. பட்டப்பகலில் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"கட்டை சூடா இருக்குக்கா. யாரோ இப்பத்தான் கன்னத்தை எடுத்த மாதிரி."

"சரி."

"சுடறதுக்காக மூச்சைப் பிடிக்கறேன். என் மூச்சு நின்னுடுது. பக்கத்துல இன்னொரு மூச்சு ஓடிக்கிட்டே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இழுப்பறையில் உயரமான பேஸும் இருந்தது, தாழ்வானதும் இருந்தது. தாழ்வானதை எடுத்தாள். ஸ்க்ரூ துளைகளில் எண்ணெய் பிசுக்கு போகத் துடைத்தாள். முன்னால் ஒரு திருகு, பின்னால் ஒரு திருகு என்று மாற்றி மாற்றி முடுக்கினாள். மேலே ஸ்கோப்பைப் பூட்டினாள்.

குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியாக எதிர்க்கடை விளக்கைப் பார்த்தாள். பிறகு ஸ்கோப் வழியாகப் பார்த்தாள். இரண்டிலும் விளக்கு நடுவில் நின்றது; குறி நேராக இருந்தது.

"தாழ்வா போட்டுட்டீங்களே."

"கன்னத்தை வை."

வைத்தான். கட்டை சூடாக இருந்தது. மூச்சைப் பிடித்தான்.

காதருகே யாரோ மெல்ல மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள்.

பெள்ளிராஜ் தலையைத் தூக்கப் போனான். அவள் உள்ளங்கை அவன் தலைமேல் வந்து அழுத்தியது.

"கேக்குதா?"

"கேக்குது."

"விடும்போது கடைசியில சின்னதா ஒரு விசில் வருதா?"

"வருது."

"சளி. டாக்டரைப் பாருங்கன்னு அவர்கிட்ட எத்தனை தடவை சொன்னேன். கேட்டாத்தானே." அவள் கையை எடுக்கவில்லை.

"பயமா இருக்குக்கா. நாளைக்கும் தவறினா இன்னொரு உயிர் போயிடும்."

"நீ மூச்சைப் பிடிச்சதும் விசையை அழுத்திடாதே."

"பின்ன?"

"கொஞ்சம் பொறு. அவரும் பிடிப்பார்."