முப்பிடாதியைப் பார்க்கப் போனார்கள்

“மன்றத்தைக் கலைச்சிடலாம்னு இருக்கேன், டீச்சர்.”

ஆவுடையப்பன் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் மைதானத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஞானதீபம் டீச்சர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. ஆவுடையப்பனைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் மனசு முட்டுச்சந்தில் மாட்டினால் ஆவுடையப்பன் வந்து நிற்பது இந்த டீச்சர் முன்னால்தான். ஊரில் சிலர் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று விட்டுவிடுவார்.

“என்னத்துக்கு?” என்றார் டீச்சர்.

“அலுத்துப்போச்சு.”

டீச்சர் கயிற்றைச் சுற்றி முடித்தார்.

மாணவர் விளையாட்டு ஆதரவு மன்றம். பெயர்தான் பெரிது. இரும்புக்கடை ஆவுடையப்பனும் இன்னும் ஏழெட்டுப் பேரும், அவ்வளவுதான். ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் சுண்டலும் முட்டையும். போட்டிக்குப் போக வேன். கால் பிசகினால் வைத்தியம். பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப மாட்டேன் என்கிற வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சுவது. இந்தக் கடைசி வேலை எப்போதும் ஆவுடையப்பன் தலையில்தான் விழும்.

“ஒருத்தன் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். ஈட்டி எறிஞ்ச பய செல்போன் கடையில உக்காந்திருக்கான். எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். முப்பிடாதியும் போயிட்டா பாருங்க...”

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

முப்பிடாதி எண்ணூறு மீட்டர் ஓடுவாள். மாவட்டத்தில் அவளை முந்த ஆள் கிடையாது. காலேஜ் படிப்பு பாதியில் இருக்கும்போதே, போன ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்த வாசலிலும் ஆவுடையப்பன் போய் நின்றார். அவளுடைய அப்பா கையெடுத்துக் கும்பிட்டே அனுப்பிவைத்தார்.

“சாயங்காலம் கூட்டம் போட்டிருக்கேன். சொல்லிடப் போறேன். இத்தனை வருசமா இதுகளை ஓட வெச்சு என்னத்தைக் கண்டோம் டீச்சர்? நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் பையைத் தோளில் மாட்டினார்.

“வாங்க. முப்பிடாதியப் பாத்துட்டு வருவோம்.”

“அவளைப் பாத்து என்ன செய்ய?”

“காப்பி குடிப்போம்.”

*

பஸ்ஸில் டீச்சர் நன்றாகத் தூங்கினார்.

ஆவுடையப்பனுக்குக் கண் மூடவில்லை. அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் வாய் வரை வந்து கசந்தது.

முப்பிடாதி வாசலில் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை.

“யாரு இது?” என்று உள்ளிருந்து வந்தாள் மாமியார்.

“எங்க ஊர்க்காரங்க, அத்தை.”

அவ்வளவுதான். மன்றம் என்றோ, டீச்சர் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. ஆவுடையப்பன் கீழே பார்த்தார்.

காப்பி வந்தது. கருப்பட்டி தூக்கலாக இருந்தது. டீச்சர் மழையைப் பற்றியும் ஆட்டுக்குட்டிகளைப் பற்றியும் மாமியாரிடம் பேசிக்கொண்டிருந்தார். முப்பிடாதி கதவுநிலையைப் பிடித்தபடி நின்றாள்.

பொறுக்கமாட்டாமல் ஆவுடையப்பன் கேட்டுவிட்டார். “இப்ப ஓடுறதுண்டா தாயி?”

அவள் வாயைத் திறக்கும் முன் மாமியார் சிரித்தாள். “ஓடுவான்னு அங்க உள்ளவுக சொன்னாக. இங்க எங்கய்யா ஓட? ஆட்டுக்குப் பின்னாலதான்.”

முப்பிடாதி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவுடையப்பன் எழுந்தார். “போவோம் டீச்சர்.”

வழியனுப்ப மாமியாரும் மருமகளும் ரோடு வரை கூட வந்தார்கள். இவர்கள் ரோட்டைத் தொடவும் மத்தியான பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முன்னால் போகவும் சரியாக இருந்தது. அடுத்த பஸ் இருட்டின பிறகுதான்.

ஆவுடையப்பன் கையைக்கூடத் தூக்கவில்லை. மைல்கல்லின்மேல் உட்கார்ந்தார்.

“கூட்டமும் போச்சு. இன்னைக்கு இது ஒண்ணுதான் பாக்கி.”

ரோடு அங்கிருந்து குளத்தைச் சுற்றி வளைந்து போகிறது. குளம் வற்றிக் கிடந்தது. பஸ் மெல்ல வளைந்துகொண்டிருந்தது. டீச்சர் பஸ்ஸைப் பார்த்தார். குளத்தைப் பார்த்தார். பிறகு முப்பிடாதியைப் பார்த்து, மைதானத்தில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிற மாதிரி, உள்ளங்கைகளைச் சேர்த்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

முப்பிடாதி செருப்பை உதறினாள்.

சேலையை அள்ளி இடுப்பில் செருகியதை ஆவுடையப்பன் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் அங்கே இல்லை. குளத்துக்குள் இருந்தாள். காய்ந்த வண்டலில் கால் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் இரண்டு பக்கமும் விலகிப் பறந்தன.

“ஏளா! விழுந்து தொலையாத!” என்று கத்திய மாமியார் பாதியில் நிறுத்திவிட்டாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“எம்மா...” என்றாள். “இதையா ஓட்டம்னு சொன்னாக?”

எதிர்க்கரையில் ஏறி ரோட்டு நடுவில் நின்று முப்பிடாதி இரண்டு கையையும் விரித்தாள். பஸ் நின்றது.

ஆவுடையப்பன் எழுந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

அவர்கள் போய்ச் சேரும்வரை அவள் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. மூச்சு இரைத்தது. வந்ததிலிருந்து முதல் தடவையாக ஆவுடையப்பனை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தாள்.

“ஏறுங்க அண்ணாச்சி. இவரு கோவிச்சுக்கிடுதாரு.”

அவர் அவள் தலையில் கை வைத்தார். என்னவோ சொல்ல வந்தார். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார்.

ஏறி உட்கார்ந்ததும் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. ஆவுடையப்பன் திரும்பினார்.

முப்பிடாதி ஓடி வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை நிறுத்த வேண்டிய வேலை முடிந்துவிட்டது. அந்த ரோட்டில் அவளுக்கு வேறு வேலை எதுவும் இல்லை. சும்மா ஓடி வந்தாள்.

ஆவுடையப்பன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“தோளு! தோளைத் தளர்த்து தாயி! கையை இறுக்காத!”

அவள் தோள் இறங்கியது.

அவளை முந்த டிரைவர் கியரை மாற்ற வேண்டியிருந்தது.