முப்பத்தொரு குரல்கள்

"இசக்கியைத் திரும்ப ரெண்டாம் வகுப்புக்கே அனுப்பிருங்க, டீச்சர்" என்றார் உலகநாதன்.

தலைமையாசிரியை ஜெசிந்தா வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. எதிரே நின்ற உலகநாதனுக்கு நாற்பத்தேழு.

ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவு வரும், வரும் என்று காத்திருந்தவர் அவர். அந்தக் காத்திருப்பிலேயே இருபத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஓடிவிட்டது. உத்தரவு கைக்கு வந்த அன்று அழுதேவிட்டார்.

மூன்றாம் வகுப்பு வாத்தியாராகப் பள்ளிக்கூடம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஒரு எட்டு வயதுப் பிள்ளை அவரைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்ன செஞ்சா?"

"ஒண்ணுமே செய்ய மாட்டேங்கா. அதான் கோளாறு. ரெண்டு வாரமா வகுத்தல் நடத்துதேன். புரிஞ்சுதான்னு கேட்டா மத்த முப்பத்தொரு பிள்ளைகளும் கூரை அதிரப் புரிஞ்சுது சார்ங்குது. இவ மட்டும் வாயே திறக்க மாட்டேங்கா."

"ரெண்டாம் வகுப்புல அவ தம்பி இருக்கானே."

"தெரியும் டீச்சர். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன செய்ய?"

ஜெசிந்தா பதிவேட்டை மூடினார்.

"பஸ்ல எல்லாரும் ஏறியாச்சான்னு கேப்பீங்கள்லா சார்? ஏறியாச்சுன்னு சத்தம் வந்ததும் விசில் அடிச்சிருவீங்களா?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்தது. இந்த விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது.

"அதெப்படி டீச்சர்? உள்ள ஏறுனவன்தான் ஏறியாச்சும்பான். கீழ நிக்கவன் எப்படிச் சொல்லுவான்? நான் படியை எட்டிப் பார்க்காம ஒரு நாளும் விசில் அடிச்சதில்ல."

"சரி, வாங்க" என்று எழுந்தார் ஜெசிந்தா.

மூன்றாம் வகுப்பு மொத்தமாக எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தது. கரும்பலகையில் உலகநாதனின் வகுத்தல் கணக்கு அழகாக நின்றது.

ஜெசிந்தா சாக்பீஸைக் கையில் எடுத்தார். முகத்தில் துளிச் சிரிப்பில்லை.

"மாடு தினமும் ரெண்டு முட்டை போடும். ஒண்ணு நமக்கு, ஒண்ணு பால்காரருக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

கூரை அதிர்ந்தது.

மூன்றாவது பெஞ்சில் இசக்கி மட்டும் வாயைத் திறக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜெசிந்தா திரும்பினார். "யாரை அனுப்பணும் சார்? நீங்களே காட்டுங்க."

உலகநாதனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இத்தனை பிள்ளைகள் முன்னால் இப்படி வெட்கப்பட்டு நின்றதில்லை. ஆனால் மனிதர் ஓடி ஒளியவில்லை. நேரே மூன்றாவது பெஞ்சுக்குப் போய் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன தாயி புரியலை?"

இசக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை என்று தெரிந்த பிறகு பலகையைக் காட்டினாள்.

"முதல்ல ஒரு கோடு போட்டீங்கள்லா சார். அது எதுக்கு?"

உலகநாதன் பலகையைப் பார்த்தார். இரண்டு வாரமாகத் தினமும் அந்தக் கோட்டைப் போடுகிறார். எதற்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எழுந்து வகுப்பைப் பார்த்தார்.

"அந்தக் கோடு எதுக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

முப்பத்தொரு வாயும் மூடியிருந்தது.

வெளியே மணி அடித்தது. வாசல்வரை போன ஜெசிந்தா அங்கேயே நின்றார்.

"மணி அடிச்சாச்சே சார். அடுத்த பாடத்துக்குப் போலாமா?"

உலகநாதன் அதற்குள் டஸ்டரை எடுத்துப் பாதிப் பலகையை அழித்திருந்தார்.

"இருங்க டீச்சர்" என்றார். "இன்னும் யாருமே ஏறலை."